எடை குறைந்த தோட்டா

என் தங்கை உஷாவைப் பெண் பார்க்க வந்த அன்று யசீகரன் அரை மணித்தியாலத்தில் ஓம் சொல்லிவிட்டான். தோட்டா செய்கிற பிரஸ் ஒன்றைத் தெரிவு செய்ய அவனுக்கு ஏழு மாதம் எடுத்தது. உஷா இதைக் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவன் கோபிக்க மாட்டான். அது வேறு, இது வேறு என்பான், ஏதோ பெரிய தத்துவம்போல.

பென்ரோஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகங்கள் கடைகிற வேலை அவனுக்கு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சாப்பாடு இறங்காது. கூட வேலை செய்கிற ஒருவர் ஒருநாள் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பிடித்த பைத்தியம்தான். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றுகிற குடும்பம் எங்களுடையது. இவனோ லைசென்ஸ் எடுத்து, கிளென் ஈடனில் இருக்கிற தங்கள் வீட்டுக் கராஜில் இரும்புப் பெட்டி பூட்டி, கடைத் தோட்டா ஒரே இடத்தில் படுவதில்லை என்று குறை சொல்லித் தானே செய்யவும் தொடங்கினான். உஷா அந்தக் கராஜுக்குள் கால் வைத்ததில்லை. நானும் வாசலோடு நிற்பேன். நான் பயந்தாங்கொள்ளி, அதை மறைக்கிற வயதும் போய்விட்டது.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதைக் கழுவி, அடியில் பொறி தருகிற புது மூடி வைத்து, உள்ளே வெடிமருந்து நிரப்பி, மேலே ஈயச் சன்னத்தை, அதாவது குண்டை, அழுத்திப் பொருத்த வேண்டும். பிரஸ் என்பது அந்த அழுத்தத்தைத் தருகிற கைப்பிடி இயந்திரம். அவனுடைய பழைய பிரஸ் ஆட்டுக்கல்லைப்போல ஒரே பாரமான இரும்பு. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை, ஒரு கோது. ஐம்பது செய்ய ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும்.

அவனுக்கு அது போதும். கெடுத்தது நல்லசாமி. நல்லசாமி ஈப்போவிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன். விடுமுறை கிடைத்தால் மான் வேட்டைக்குப் போகிறவன். யசீகரனிடமுள்ள அதே வகைத் துவக்குத்தான் அவனிடமும். எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிற வீட்டுக்காரர் பையில் போட்டுக் கொடுப்பதைப்போல, யசீகரன் அவனுக்குப் பெட்டி பெட்டியாகத் தோட்டா கொடுத்தான். ஒவ்வொரு முறையும் நல்லசாமி தன் ஊர்ப் பேச்சில் சூப்பர் லா, சூப்பர் லா என்பான். அந்தப் புகழ்ச்சி இவன் தலைக்கு ஏறிவிட்டது. இன்னும் செய்யலாம், இன்னும் கொடுக்கலாம் என்று வேகமான பிரஸ் தேடத் தொடங்கினான்.

ஏழு மாதமும் என் காதுதான் புண்ணாகியது. அவன் கண் வைத்தது தட்டு சுழல்கிற வகை; ஒரே இழுப்பில் ஐந்து கோதுகளுக்கு ஐந்து வேலை நடக்கும். ஆனால் கண் எல்லாவற்றிலும் இருக்க முடியாது. மெதுவான பிரஸ் மனிதனைக் காப்பாற்றும், வேகமான பிரஸ் நேரத்தைக் காப்பாற்றும் என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு வேகமானதை வாங்கினான்.

மான்கள் கனைக்கிற ஏப்ரல் மாதம், வேட்டைக்காலம், வந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை புது பிரஸில் நூறு தோட்டா செய்தான். வெள்ளி காலை அதில் இருபதை நல்லசாமியிடம் கொடுத்தான். நல்லசாமி தனியாகக் கைமனாவா மலைக்காட்டுக்குப் புறப்பட்டுப் போனான். அங்கே போன் எடுக்காது.

சனி காலை யசீகரன் என்னைக் கூப்பிட்டான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"மச்சான், உடனை வா. மருந்து மிஞ்சிக் கிடக்கு."

மிஞ்சினால் நல்லதுதானே என்று கேட்டுவிட்டு நான் போனேன். கராஜில் அவன் தராசின் முன் உட்கார்ந்திருந்தான். நூறு தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து போக வேண்டும் என்பது கணக்கு. போத்தலில் மிச்சமிருந்ததை நிறுத்தால் சரியாக ஒரு தோட்டாவின் மருந்து கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் நூறில் ஒன்றுக்குள் மருந்து விழவில்லை. வீட்டிலிருந்த எண்பதையும் ஒவ்வொன்றாக நிறுத்துவிட்டான். எண்பதும் சரி. எடை குறைந்த அந்த ஒன்று நல்லசாமியின் பையில் இருந்தது.

மருந்தில்லாவிட்டால் வெடிக்காதுதானே என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி விளங்கப்படுத்தினான். அடியிலுள்ள மூடியின் சின்னப் பொறி மட்டும் வெடிக்கும். சன்னம் வெளியே போகாமல் குழாய்க்குள் சிக்கி நிற்கலாம். மான் முன்னால் நிற்கிற அவசரத்தில் வேட்டைக்காரன் அடுத்ததைப் போட்டுச் சுடுவான். போக வழியில்லாமல் குழாய் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

பிறகு இன்னொன்று சொன்னான். வியாழன் மாலை ஒரு போன் வந்ததாம். கைப்பிடியைப் பாதி இழுப்பில் விட்டுவிட்டு எடுத்தானாம். அந்தப் போனைப் பண்ணியது நான். புல்லு வெட்டுகிற மெஷினை ஞாயிறு தருவாயா என்று கேட்க.

நல்லசாமியின் மனைவி ஈப்போவில். அவன் மலையின் எந்தப் பக்கத்தால் ஏறினான் என்பது எவருக்கும் தெரியாது. போலீஸுக்குச் சொன்னால் லைசென்ஸ் போய்விடுமோ என்று யசீகரன் தயங்கினான். கராஜ் வாசலில் நின்ற உஷா ஒன்றையே சொன்னாள்: "அந்த மனிசன்ரை முகம் போகப்போகுது. நீங்கள் லைசென்ஸ் கதைக்கிறியள்."

யசீகரன் போலீஸுக்குப் போன் பண்ணினான். போலீஸ்காரி நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். காட்டுப் பக்கத்து ஆட்களுக்குத் தகவல் அனுப்புவதாகவும், அந்தப் பரப்பில் ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பது லேசில்லை என்றும் சொன்னாள். அதன் பிறகு செய்ய எதுவும் இருக்கவில்லை. நாங்கள் மூவரும் குசினியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உஷா ஆக்கிய சோற்றைத் தொட ஆளில்லை. வெளியே யாரோ கார்க் கதவைப் படாரென்று சாத்தினாலும் யசீகரன் எழும்பினான். ஞாயிறு மத்தியானத்துக்குள் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. நல்லசாமியின் மனைவிக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வசனம் பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாலு மணிக்கு நல்லசாமியே வந்தான். முகம் முழுதாக இருந்தது. மலையடிவாரக் கார்ப் பார்க்கில் யாரோ தகவல் சொன்னார்களாம், உடனே புறப்பட்டு வந்துவிட்டான். யசீகரன் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எத்தனை சுட்டாய் என்று நான் கேட்டேன். நல்லசாமி நெளிந்தான். தோட்டாப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். இருபதும் இருந்தன. பிறகு காருக்குப் போய் இன்னும் நாலு பெட்டி எடுத்து வந்தான். வீட்டில் பூட்டி வைத்திருந்ததையும் வழியில் எடுத்துக்கொண்டானாம். இரண்டு வருஷமாக யசீகரன் கொடுத்தவை, பிரிக்காமல்.

"அடுத்தவங்க வீட்டுல செஞ்ச தோட்டாவ நான் சுடறதில்ல, யசி, கடைத் தோட்டாதான். வேணாம்னு சொன்னா உன் மனசு சங்கடப்படுமேன்னுதான் வாங்கிக்கிட்டேன்."

அப்படியானால் அந்த சூப்பர் லா எல்லாம்? அந்த மரியாதைப் பொய்யை நம்பித்தான் இவன் வேகமான பிரஸ் வாங்கினான். அதே பொய்தான் நல்லசாமியின் முகத்தையும் காப்பாற்றியது. இருபதையும் நிறுத்தோம். பதின்மூன்றாவதில் எடை குறைந்திருந்தது.

புது பிரஸை அந்த வாரமே கழற்றிவிட்டான். பழைய பிரஸ் மேசையில் திரும்ப ஏறியது. பழசு பிழை விடாது என்று அதைத் தட்டிக்கொடுத்தான். ஆனால் உஷா விடவில்லை. செய்வதானால் தான் பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்றாள். இத்தனை வருஷமாக வாசலைத் தாண்டாதவள், கையில் டோர்ச் லைட்டுடன் கராஜுக்குள் போனாள். அவன் மருந்திட்ட கோதுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்துவான். அவள் ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்து ஓம் என்பாள். பிறகுதான் அவன் சன்னத்தைப் பொருத்துவான். நான் வாசலில் தேத்தண்ணியோடு நின்று, கோவிலில் அர்ச்சனை நடக்கிறது என்று பகிடி பண்ணுவேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மழை. போன் எதுவும் வரவில்லை, அவசரமும் இல்லை. ஓம், ஓம் என்று போய்க்கொண்டிருந்தது. நடு வரிசையில் ஒரு கோதில் உஷா ஓம் சொல்லவில்லை. டோர்ச்சை விலக்கித் திரும்ப அடித்தாள்.

"இஞ்சை வந்து பாருங்கோ," என்றாள்.

யசீகரன் குனிந்து பார்த்தான். உள்ளே மருந்தில்லை; கோதின் அடி பளபளவென்று தெரிந்தது. பழைய பிரஸில்தான் இத்தனை வருஷமும் செய்தான். அதில் செய்தவற்றைத்தான் கன்னத்தில் துவக்கை வைத்துத் தானே சுட்டான், ஆயிரக்கணக்கில்.

பிறகு எழும்பிப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தான். நல்லசாமி திருப்பித் தந்த நாலு பழைய பெட்டிகளும் அங்கே இருந்தன. பழைய பிரஸில் செய்தவைதானே என்று அவற்றை இதுவரை நிறுக்கவேயில்லை. முதல் பெட்டியைப் பிரித்து முதல் தோட்டாவை எடுத்தான். தராசில் வைக்காமல் கைக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பார்த்தான். உஷா தோட்டாவை அவன் கையிலிருந்து வாங்கித் தராசில் தானே வைத்தாள்.