மரை மட்டும் சேர்ந்தது

மண்ணூரில் பாண்டுரங்கன் நடத்திய இரும்புப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன் எழிலரசன். அவன் அடிப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் துரு போகத் தேய்த்துக் கொடுப்பவள் அவன் மனைவி அம்சவல்லி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை செய்வதை ஊரில் சிலர் கேலி பேசினார்கள். அம்சவல்லிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அவள் தேய்த்து முடித்த கம்பியை அவன் ஒருமுறை தடவிப் பார்த்து, "வழவழன்னு கீது" என்பான். அன்றைக்கு அது போதும் அவளுக்கு.

அவனிடம் இருந்தது தலையில் கோப்பை வைத்த பழைய ஸ்ப்ரே கன். கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது. எங்காவது ஒழுகினால் விரலால் பொத்திக்கொண்டு மிச்சத்தை அடித்து முடித்துவிடுவான்.

தொண்ணூற்றொன்றில் தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் கட்டடத்துக்குக் கூரைச் சட்டம் செய்யும் பெரிய வேலை பட்டறைக்கு வந்தது. கோப்பைக் கன்னால் அதை அடித்து மாளாது. பாண்டுரங்கன் ஏதோ ஒரு கம்பெனி ஏலத்தில் பழைய பம்ப் ஒன்றை எடுத்துவந்தார். வெளிநாட்டுச் சாமான். காற்றே வேண்டாம், பெயிண்டையே நெருக்கி ஓஸ் குழாய் வழியாகத் தள்ளும். ஆனால் அதோடு வரவேண்டிய கன் காணாமல் போயிருந்தது.

கன் வாங்க மூவரும் பம்பையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனார்கள். பம்ப் உருளாமல் பிடித்துக்கொள்ள அம்சவல்லியும் எழிலரசனும் பின்னால் உட்கார்ந்தார்கள். பாரிமுனைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கியபின், ஒரு சந்துக்குள் இருந்த கடைக்காரர் பம்பைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பிரஷர் எவ்ளோ சார் இது?"

"தெரியலப்பா. தகடு தேஞ்சி போச்சு, எழுத்தே இல்ல" என்றார் பாண்டுரங்கன்.

கடைக்காரர் இரண்டு கன்களை எடுத்துவைத்தார். ஒன்று கனமானது, மங்கலாக இருந்தது. அதன் திருகு மரை ஓஸின் மரையோடு சேரவில்லை. "இதுக்கு நடுவுல ஒரு இணைப்பு போடணும். அது வெளிநாட்லருந்து வரணும். இப்ப இறக்குமதியெல்லாம் கஷ்டம் சார், எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். மற்றொன்று இரண்டே சுற்றில் ஓஸில் ஏறி உட்கார்ந்தது.

எழிலரசன் இரண்டையும் அவள் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்தான். "எது லேசா கீது சொல்லு."

"இதுதான்" என்று மரை சேர்ந்ததையே காட்டினாள் அவள். நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறவன் கை வலிக்கக் கூடாதே என்றுதான் அவளுக்கு.

அது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் அது பிரமாதமாகத்தான் ஓடியது. பாண்டுரங்கன் வெளியே வந்து நின்று சிரித்தபடி பார்த்தார். பிறகு ஒரு நாள் காலையில், கன்னும் ஓஸும் சேரும் இடத்தில் முடியிழை போலச் சிவப்பாக ஒரு கோடு பீறிட்டது. எழிலரசன் கன்னை இடது கைக்கு மாற்றி, வலது ஆள்காட்டி விரலால் அந்த இடத்தைப் பொத்தினான். மறுகணம் கையை உதறினான்.

"இன்னாயா ஆச்சு?" என்று அம்சவல்லி ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல. ஊசி குத்துனாப்ல கீது."

விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சாயங்காலத்துக்குள் விரல் வீங்கி விறைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த டாக்டர் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, "சின்னக் குத்துதான், போ" என்று அனுப்பினார். விடிந்தபோது விரல் கறுத்திருந்தது, உள்ளங்கை உப்பியிருந்தது. எழிலரசன் வாயைத் திறந்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

டெம்போவில் மறுபடியும் மெட்ராஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறினார்.

"எப்ப ஆச்சு?"

"நேத்துக் காலையிலமா."

"நேத்தே இங்க வந்திருக்கணும்மா."

"துளி ரத்தம் வரலியேமா. வெறும் புள்ளிதானே."

"ஓட்டைதான் புள்ளி. பெயிண்ட் உள்ளங்கை வரைக்கும் பாய்ஞ்சிருக்கு. என்ன பெயிண்ட் அது? அதுல என்ன கலந்திருந்தீங்க?"

தினம் அதன் பக்கத்திலேயே நின்றவள் அம்சவல்லி. "செவப்பு" என்றாள். "செவப்பு பெயிண்ட்டுமா." அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை. பாண்டுரங்கன் டப்பாவை எடுத்துவர மண்ணூருக்குத் திரும்பி ஓடினார்.

ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். உள்ளங்கையைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். நடுவிரல் பிழைத்தது, ஆனால் மடங்கவில்லை. வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம், "இதுதான்" என்று தான் காட்டியது அம்சவல்லியின் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. புருஷனிடம் சொல்லியும் விட்டாள்.

"நானுந்தான் பாத்தேன், மொதலாளியும் பாத்தாரு. நீ இன்னா பண்ணுவ?" என்றான் அவன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

பாண்டுரங்கன் சண்டை போடுவதற்கென்றே அந்தக் கடைக்குப் போனார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார்.

"மரை சேருதான்னு பாத்தீங்க, சேந்துச்சுல்லன்றான். நான் இன்னாத்த சொல்றது அம்சா?"

பம்பைக் காயலான் கடைக்காரன் தூக்கிப்போனான். காலேஜ் வேலை மட்டும் அப்படியே கிடந்தது. வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள், அவன் நிலைக்கவில்லை. ஒரு நாள் பாண்டுரங்கன் தயங்கித் தயங்கி அம்சவல்லியிடம் வந்தார். "பழைய கோப்பைக் கன்னு கீதும்மா. அது ஒண்ணும் பண்ணாது. நீதான் கிட்டருந்து பாத்தவ…"

அவள் எழிலரசனைப் பார்த்தாள். அவன் விரல் மடங்காத கையால் டப்பாவை அணைத்துக்கொண்டு பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை.

முதல் நாள் அவள் அடித்ததெல்லாம் வழிந்தது. "இன்னும் தள்ளிப் புடி" என்று பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கன்னின் சத்தம் நிற்கும்வரை உள்ளே வரவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து அவள் குழாயடியில் கை கழுவும்போதெல்லாம் அவன் பக்கத்தில் வந்து நிற்பான். அவள் கையை வாங்கி, ஒவ்வொரு விரலாகத் திருப்பி, நுனியை அழுத்திப் பார்ப்பான். "வலிக்குதா? இங்க?" என்று கேட்பான். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அவன் நம்பாமல் அடுத்த விரலைப் பிடிப்பான்.