பெண் பார்க்க வந்தவர்களுக்கு அண்ணன் சமைத்த விருந்து

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று அவருக்குப் படைக்க வந்திருக்கும் உறவினர்களுக்கும், ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு மக்களுக்கும், அவரோடு சுரங்கத்தில் இறங்கி ஏறிய தோழர்களுக்கும் என் வணக்கம். இரங்கல் உரை எழுத எனக்கு வராது. அண்ணன் எப்படி வாழ்ந்தார் என்பதை, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு அருகிலிருந்து பார்த்த தங்கையாக எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. அண்ணன் ஸ்கெலட்டன் லைன் வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட சரியாக அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகே தனக்குப் பெண் தேடச் சொன்னார்.

சுரங்கம் மூடப்பட்டபோது அவருடைய பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். அண்ணன் பெங்களூருக்குப் போய் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்து பார்த்தார். பூமிக்கடியில் அத்தனை வருஷம் வேலை செய்த மனிதரால், ஒரு நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டார். அப்போது அண்ணிக்கு, தையல் தெரிந்திருந்ததால், பெங்களூர் கார்மெண்ட்ஸில் வேலை கிடைத்தது. விடியும் முன்பே ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அண்ணி தயங்கினார்.

"நீ போ. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

அதுவரை அவர் சுடுதண்ணீர்கூட வைத்ததில்லை. முதல் வாரம் அவர் வைத்த குழம்பைப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவர் அல்ல அவர். லைன் வீட்டின் பின்னால் கிடந்த இடத்தைக் கொத்தினார். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டிலிருந்து காற்றில் வந்து படிந்த தூசியை ஒரு சாண் ஆழத்துக்கு வாரிப் போட்டுவிட்டு, பேத்தமங்களா ஏரி வண்டலை ஒரு நண்பரின் டிராக்டரில் கொண்டுவந்து நிரப்பினார். துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும்.

செடி காய்க்கத் தொடங்கியதும் வேறு ஒரு கஷ்டம் வந்தது. கத்திரிக்காய் காய்த்தால் கத்திரிக்காயாகவே காய்க்கும். "இன்னிக்கும் கத்திரிக்காயாப்பா?" என்று மகள் பிரியா தட்டைத் தள்ளுவாள். அண்ணனுக்கு ஒரு காயையும் வீணாக்க மனம் வராது. சுட்டு மசித்துக் கொடுத்தார், எண்ணெயில் வதக்கிக் கொடுத்தார், மிஞ்சியதை அரிந்து உப்புப் போட்டு வெயிலில் வற்றலாக்கினார். பீர்க்கங்காயைக் கூட்டு வைத்தால் தோலைத் துவையல் அரைத்தார். முள்ளங்கிக் கீரையைப் பருப்போடு கடைந்தார். பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்கா கன்னடக்காரர். கீரையை வேகவைத்து வடித்த தண்ணீரில் மசாலா அரைத்து ஊற்றும் பஸ்ஸாரு அவர் வீட்டிலிருந்து வந்ததுதான். அண்ணன் அதற்கு ஈடாகப் பரங்கிக்காய் கொடுத்தனுப்புவார்.

டீக்கடையில் கேலி செய்தவர்களும் உண்டு. "இன்னா மேஸ்திரி, இன்னிக்கு அடுப்பு ஷிப்ட்டா?" என்பார்கள். "ஆமாம்பா, டபுள் ஷிப்ட்டு. சாப்ட வரியா?" என்பார் அண்ணன். அவர் முகம் வாடி நான் பார்த்ததில்லை. எங்கள் பெரிய மாமாவுக்குத்தான் அது பெரிய மானக்கேடாக இருந்தது.

பிரியா வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்தாள். அவளைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல இடம். பையனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சமையல்காரரை வரவழைத்து ஆட்டுக்கறி விருந்து வைப்பதாக ஏற்பாடு. அன்று காலை பார்த்தால் ஊரில் முழு அடைப்பு. கறிக்கடை, மார்க்கெட் எதுவும் திறக்கவில்லை. சமையல்காரரும் வரமுடியாது என்று போன் செய்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரோ காரில் புறப்பட்டு மலைப்பாதையும் ஏறிவிட்டார்கள்.

அண்ணி அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டினார். "இன்னாத்துக்கு அழுவுற? பின்னாடி அவ்ளோ காய்ச்சுக் கீது" என்று கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

தை மாதம், அவரை காய்க்கும் காலம். வீட்டுக்கென்று முதல் நாளே உரித்து ஊறவைத்த அவரைக்கொட்டை இருந்தது. நானும் பிரியாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கினோம். அண்ணன் அந்தப் பிதுக்குப் பருப்பில் கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தார். பிஞ்சுக் கத்திரிக்காய் வதக்கல், பஸ்ஸாரு, முருங்கைக்கீரை வடை, பரங்கிக்காயில் வெல்லம் போட்டுப் பாயசம். வீடே மணத்தது.

கார் வந்து நின்றதும் மாமா அடுப்படிக்குள் வந்தார். "இதப் பாரு, யாரு கேட்டாலும் பொம்பளைங்க சமைச்சதுன்னு சொல்லுங்க. பொண்டாட்டி சம்பாரிக்கிறா, புருசன் சட்டி கழுவுறான்னு தெரிஞ்சா சம்பந்தம் நிக்காது. நீ போயி சட்டை மாட்டிக்கிட்டு முன்னால உக்காரு" என்றார்.

அண்ணன் சட்டை மட்டும் மாட்டிக்கொண்டார்.

இலை போட்டோம். மாப்பிள்ளையின் அம்மா குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "யாருங்க சமையல்?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றார் அண்ணன், குழம்புச் சட்டியோடு நின்றபடி. "எம் பொண்டாட்டி வேலைக்குப் போறாங்க. இந்தக் குடும்பம் அவங்க சம்பாத்தியத்துலதான் நடக்குது. சமையல், தோட்டம், புள்ளைங்க எல்லாம் என் பொறுப்பு. எம் பொண்ணு வளர்ந்தது இந்தச் சாப்பாட்டுலதாங்க. கட்டிக் குடுக்குற எடத்துல மறைச்சு வெக்கிறது நல்லா இருக்காது."

மாப்பிள்ளையின் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மா இலையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் கணவரிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க சம்பந்தி" என்றார்.

சம்பந்தி என்ற அந்தச் சொல்லில் எல்லாம் முடிவாகிவிட்டது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் பாயசம் மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு அண்ணனுக்குக் குறை என்று எதுவும் இருந்ததில்லை. மகள் நன்றாக வாழ்கிறாள், மகன் படித்து வேலைக்குப் போனான். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியதால் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். அண்ணி வேலையை விட்டு வீட்டில் இருந்தார். தன் வீட்டு அடுப்படியில் பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியாது. "மேல் தட்டு, லெப்ட்ல" என்று கட்டிலில் படுத்தபடியே சொல்வார் அண்ணன். அண்ணி வைத்த சுரைக்காய்க் கூட்டை ருசித்துவிட்டு, "தேறிட்ட" என்று சிரித்தார். சில நாட்களில், ஒரு காலை நேரத்தில், தூக்கத்திலேயே அமைதியாக விடைபெற்றார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், உடனிருந்து தாங்கிய மருமகனுக்கும், சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. லைன் முழுவதும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். ரத்னம்மா அக்கா, செடியில் முற்றிப் போய்விடக் கூடாதே என்று அண்ணனின் தோட்டத்தில் பறித்தே எங்களுக்குச் சமைத்துக் கொடுத்தார். அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு, எல்லோரும் பின்பக்கமாக ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். இந்த வருஷமும் அவரை நிறையக் காய்த்திருக்கிறது. அண்ணி பைகளோடு காத்திருக்கிறார்.