ஈர மண்ணின் எடை

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுவேன். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்ததை எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்து சைனைடு மேடு எங்கள் வீடுகளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் சைனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். அதில் மிச்சத் தங்கமும் வேறு அரிய உலோகங்களும் இருக்கலாம் என்று ஒரு கம்பெனி வந்தது. இங்கேயே ஆலை கட்டப் பெரிய செலவாகும் என்று, முதலில் பத்து லோடு மட்டும் இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் ஓர் ஆலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கட்டுப்படியானால் வேலை தொடரும். எனக்கு லோடு சீட்டு எழுதும் வேலை.

ஆடிக் காற்றில் அந்த மேட்டுத் தூசு எங்கள் சோற்றுப் பானை வரைக்கும் வரும். எங்கே தூசு கிளம்பினாலும் தண்ணீர் அடித்துப் பழகிய கை. லாரி நிரம்பியதும், யாரும் சொல்லாமலே பைப்பை எடுத்து மண்ணை நன்றாக நனைத்துவிடுவேன். பிறகுதான் லாரி எடை மேடைக்குப் போகும்.

டிரைவர் எங்கள் லைன்காரர். பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாக்கா, ஒவ்வொரு தபாவும் குளிப்பாட்டி வுடறே. ஒரு பொட்டும் வெச்சு வுட்டுடு."

ஏழாவது லோடு போய்ச் சேர்ந்த பிறகு பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். கையில் ஆலை அனுப்பிய காகிதம். எடைக்குத் தக்க உலோகம் இல்லை, மண்ணில் கால்வாசி ஈரம் என்று டிரைவரை நிறுத்தி வைத்துக் கேட்டார். டன் கணக்கில் வாடகை வாங்குகிறவர்கள் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றுவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். வெறும் தண்ணீரைச் சுமக்க இவ்வளவு டீசல் எரித்திருக்கிறோம், இந்த லாரி இனி வேண்டாம், போலீசிலும் எழுதிக் கொடுப்பேன் என்றார்.

டிரைவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பைப் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் போனை எடுத்து நம்பர் தேட ஆரம்பித்தார்.

"சார், தண்ணி நான்தான் அடிச்சேன்."

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"எவ்ளோ குடுத்தான் உனக்கு?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல சார். போற வழி முழுக்க வீடுங்க இருக்குது. தூசு உள்ள போவும். அதான்."

எடை போடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டார். முன்பு என்றேன். போனைப் பையில் வைத்தார். காகிதத்தை லாரி பானெட்டில் விரித்து வெகுநேரம் கணக்குப் போட்டார். காய்ந்த மண்ணாக ஏற்றினால் இழுபறியாகக் கட்டுப்படி ஆகலாம் என்றார். தூசு என்ன ஆவது என்று கேட்டேன். தார்ப்பாய் கட்டலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

டிரைவர் பீடி பற்றவைத்தார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பாத்துட்டு நானே சொல்லியிருப்பேங்க்கா."

மறுநாள் நான் நனைத்திருந்த எட்டாவது லோடு மண்ணைப் பரப்பிக் காயவைத்து, அதே லாரியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டி அனுப்பினார்கள். சீட்டு எழுத வேறு ஆள் வந்திருந்தார். நான் பைப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தூசு படிவதற்கு முன் கொடியில் கிடந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டேன்.