உள்ளே நின்று எழுதிய எண்கள்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குத் தாராவிச் சங்கக் கூடத்தின் கூரையிலிருந்து முதல் ஓடு இறங்கியது. மேலே நின்று கழற்றியவர் தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்ப்பவர். கீழே நின்று வாங்கியவர் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவர். ஓடு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. “ஓய் ஆபீசு, அது பேனா இல்ல வே. ரெண்டு கையாலயும் பிடியும்,” என்றார் மேலிருந்தவர். வரிசை முழுவதும் சிரித்தது. கணக்கெழுதுபவரும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு ஓடுகள் கைமாறிக் கைமாறித் தெருவரை போயின. நான் பெண்களோடு, ஓடுகளின் பாசியைச் சுரண்டி அடுக்கும் இடத்தில் இருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில், கழற்றிக் கிடத்திய கதவுகளின்மேல் சாவியக்கா உட்கார்ந்திருந்தார். பூட்டுவதற்குக் கதவே இல்லாமற்போன அன்றும் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது.

அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொட்டடிகளில் வேலைக்குச் சேர்ந்த முதல் தலைமுறையினர். துறைமுகத்தில் இடிபட்ட ஒரு கிடங்கின் தேக்குத் தூண்களை வாங்கி, தாங்களே சுமந்து வந்து நட்டு, பலகையால் சுவர் அடைத்து, மங்களூர் ஓடு வேய்ந்தார்கள். தகரப்பெட்டியோடு ரயிலிறங்கிய எத்தனையோ பேர், சொந்தக்காரர் வந்து அழைத்துப்போகும்வரை அதற்குள்தான் படுத்திருந்தார்கள். கல்யாணம், இரங்கல் கூட்டம், இரவுப் பள்ளி எல்லாம் அங்கேதான் நடந்தன. உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் முழுவதும் சன்னல். இடப்பக்கத்துக் கடைசியில் சாமான் அறை. அந்த இடம் சாக்கடையை அகலப்படுத்த மாநகராட்சிக்குத் தேவைப்பட்டது. மாற்றாக இரண்டு தெரு தள்ளி ஒரு மனை கிடைத்தது.

சாவியக்காவின் கணவர் அந்தத் தூண்களைச் சுமந்தவர்களில் ஒருவர். அவர் இறந்தபின், கூடத்தின் பின்புறம் ஒட்டியிருந்த கோலியைச் சங்கம் அக்காவுக்குக் கொடுத்தது. பம்பாயில் ஒற்றை அறைக்கு அதுதான் பெயர். கூடத்தைத் திறப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது, பொழுது சாய்ந்ததும் சாமான் அறையிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்து ஏற்றி நடுவில் மாட்டுவது ஆகியவை அவர் வேலைகள். கோலி அந்த வேலைகளுக்கு ஈடு. என் அப்பா வயதுக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் ஒரே பெயரில் சாவியக்காதான்.

மனை கிடைத்ததும் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழைய மரத்தை விற்றுவிட்டுச் சிமெண்டில் புதிதாகக் கட்டலாம் என்றார்கள் சிலர். ரயில்வேயில் ஓவர்சியராக இருந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தால் இதே கூடத்தைப் பிரித்து அங்கே நட்டுத் தருவதாகச் சொன்னார். பேச்சு எந்தப் பக்கமும் சாயாமல் நீண்டது. அப்போது வாசலருகே நின்றிருந்த சாவியக்கா பேசினார். “கட்டுனா அப்படியே கட்டுங்க. கதவு இருந்த எடத்துல கதவு, ஆணி இருந்த எடத்துல ஆணி. வேற மாதிரின்னா எனக்கு வேண்டாம்.” எல்லாரும் கை தட்டினார்கள். சங்கத்தின் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னர் ஆள் திரட்டப் போன இடங்களிலெல்லாம் அவர் இதையே சொன்னார்: கணவன் தோளில் வந்த மரம் கைவிட்டுப் போகச் சம்மதிக்காத ஒரு பெண்மணி எங்களிடையே இருக்கிறார் என்று. நானும் அதை நம்பினேன். இலக்கியம் படிப்பவளுக்கு அப்படி நம்புவது எளிது.

பிரிப்பதற்கு முன்பே ஓவர்சியர் கூடத்தின் உள்ளே நின்று, வாசல் தூணில் தொடங்கி இடமிருந்து வலமாகச் சுற்றிவந்து, ஒவ்வொரு தூணுக்கும் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியிருந்தார். சன்னலுக்கும் பலகைக்கும் அவை எந்த இரு தூண்களுக்கு இடையில் இருந்தனவோ அந்த எண்கள். இதில் பிழை நேர வழியே இல்லை என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. ஞாயிறுதோறும் ஆட்கள் வந்தார்கள். தூண்களின் அடிப்பாகம் செல்லரித்திருந்த இடங்களை அறுத்துப் புதுத் துண்டு பொருத்தினார்கள். பலகைகளைச் சுரண்டி எண்ணெய் பூசினார்கள். அரிசி ரேஷனில் இருந்த காலமாதலால் எல்லாருக்கும் கோதுமை ரவை உப்புமா. அதை வாரந்தோறும் குறை சொன்னவர்களே வாரந்தோறும் இரண்டாம் முறை வாங்கினார்கள்.

கூடம் எழும்பும்வரை சாவியக்கா செம்பூர் திலக் நகரில் எங்கள் வீட்டில் தங்கினார். அருகிலிருந்து பார்த்தபோது சில விஷயங்கள் எனக்குப் பொருந்தவில்லை. தண்ணீர் ஊற்றும்போது தம்ளரின் விளிம்பில் அவர் விரல் இருக்கும். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் வேறு வேலை கேட்பார். அம்மா இடம் மாற்றி வைத்த முக்காலியில் இடித்துக்கொள்வார். இடம் மாறாத எதிலும் ஒருநாளும் இடித்ததில்லை. ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாலை மின்சாரம் போயிற்று. அம்மா பக்கத்து வீட்டில் மெழுகுவத்தி கேட்கப் போனார். சாவியக்கா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. மின்சாரம் போனதே அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “லைட் போயிருச்சு அக்கா,” என்றேன். கத்தி நின்றது.

“தெரிஞ்சுபோச்சாக்கும்,” என்றார் அவர். பகல் வெயிலில் கொஞ்சம் வெளிச்சமும் ஆள் நிழலும் தெரியும், அதற்குமேல் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டதாம், ஆபரேஷனுக்கு அடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் கூட்டத்தில் அவர் சொன்னது கணவர் சுமந்த மரத்துக்காக இல்லையா என்று கேட்டேன்.

“மரமாவது மண்ணாங்கட்டியாவது. மழைக்கு ஒழுகும் ஏட்டி அது, கரையான் வேற. அந்த வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணு வேண்டாம், அம்புட்டுதான். கண்ணு இல்லன்னு தெரிஞ்சா சாவிய வாங்கிருவாங்க. சாவி போச்சுன்னா கோலி போச்சு. பொறவு ஊருக்கு ரயிலேறி, தம்பி பொண்டாட்டி போடுத சோத்துக்குக் காத்துக் கெடக்கணும்.”

யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. அதன்பின் கூடத்தை வேறு விதமாக நினைக்கத் தொடங்கினேன். எங்கள் எல்லாருக்கும் அது தேக்கு, ஓடு, முன்னோர் உழைப்பு. பழுதுபட்டதைச் செப்பனிட்டால் மீட்டுவிட்டதாகப் பெருமை கொள்ளலாம். அவருக்கோ மரம் புதிதா பழையதா என்பது ஒரு பொருட்டே இல்லை. எது எதற்கு அடுத்து இருக்கிறது என்பது மட்டுமே அவருக்குக் கூடம். சிமெண்டில் கட்டியிருந்தாலும், இடங்கள் மாறாதிருந்தால், அவர் மறுத்திருக்க மாட்டார்.

ஏப்ரலில் எனக்குத் தேர்வு வந்தது, மே கடைசிவரை நீண்டது. நான் போகாத ஞாயிறுகளில் சாவியக்காவும் போகவில்லை. என் முழங்கை இல்லாமல் அவரால் குர்லாவில் வண்டி மாற முடியாது. தூண்கள் நடப்பட்டது அந்த ஞாயிறுகளில்தான். புது மனையின் உட்புறமெல்லாம் ஓடும் பலகையும் குவிந்து கிடந்ததால், ஓவர்சியர் வெளியே தெருவில் நின்று, வாசல் தூணில் தொடங்கி இடமிருந்து வலமாக நட வைத்தார். உள்ளே நின்று எழுதிய வரிசை, வெளியே நின்று நட்டபோது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எண்கள் ஒழுங்காக இருந்தன. தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தின. கண்ணாடியில் தெரியும் உருவம்போலக் கூடம் இடம் வலம் மாறி எழுந்தது. பாதி ஓடு ஏறிய பிறகே அவர் அதைக் கண்டுபிடித்தார். மழைக்கு அதிக நாள் இல்லை. கதவும் சன்னலும் அவைதானே, திரும்பி இருந்தால் என்ன என்று எல்லாரும் சமாதானம் ஆனார்கள். சாவியக்காவுக்குத் தெரிந்தால் வைவார், திறப்பு விழாவன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டே முடிவும் செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வரவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு மாலை திறப்பு விழா நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் உள்ளே போய் வாசலருகே பெண்களோடு உட்கார்ந்தோம். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. புது இடம், புது எண்ணெய் வாசனை, அதனால் என்று விட்டுவிட்டேன். பேசியவர்கள் எல்லாரும் ‘அப்படியே இருக்கிறது’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பொழுது சாய்ந்தது. செயலாளர் மேடையிலிருந்து, விளக்கை வழக்கம்போலச் சாவியக்காவே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, இடப்பக்கச் சுவரை ஒட்டி வேகமாக நடந்தார். அந்தப் பக்கம் முழுவதும் சன்னல் என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன்.

சாமான் அறையின் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய உயரத்தில் அவர் கை சன்னல் கம்பியைத் தொட்டது. தடவியது, மேலே போயிற்று, கம்பிகளுக்கு இடையே வெளியே நுழைந்தது. வெளியே சன்னலில் சாய்ந்து நின்று தெருவை வேடிக்கை பார்த்தவரின் தலையில் விரல் பட்டு, அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். சாவியக்கா அடுத்த கம்பியையும் அதற்கடுத்ததையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “யாருலே வீட்டத் திருப்பி வச்சது?” என்றார்.

கூடம் முழுவதும் சிரித்தது. எல்லாரும் எதிர்பார்த்திருந்த வசவு அது. ஓவர்சியர் எழுந்து வந்து, உள்ளே நின்று எண் போட்டதையும் வெளியே நின்று நட்டதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். விளக்கை வேறு யாரோ கொண்டுவந்து மாட்டினார்கள். விழா நன்றாகவே முடிந்தது.

ஆட்கள் கலைந்த பிறகு செயலாளர் வந்தார். ஓவர்சியரும் நானும் அருகில் இருந்தோம். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க,” என்று தணிந்த குரலில் தொடங்கினார். “எல்லாரும் நீங்க கோவத்துல சன்னலத் தட்டுனீங்கன்னு நெனச்சாங்க. நீங்க தாழ்ப்பாளத் தேடுனீங்க.”

செயலாளர் இரக்கமற்றவர் அல்லர். பாய் விரிப்பதும் பெருக்குவதும் வேறு. மண்ணெண்ணெய் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நடப்பது வேறு என்றார். அதில் நியாயம் இருந்தது. ஓவர்சியர், மழை முடிந்ததும் ஒரு தூண் பாக்கியில்லாமல் பிரித்துச் சரியாக நட்டுவிடுகிறேன் என்றார். “இன்னொருக்கப் பிரிச்சா மரம் தாங்காது. சும்மா இரும்,” என்றார் சாவியக்கா. பிறகு செயலாளர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“நாளைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் உண்டுல்லா? வந்து ஓரமா நின்னு பாரும். வெளக்கு என் கையில இருக்கயில ஒரு பிள்ள மேல கால் பட்டாலும் சாவிய வாங்கிக்கிடும். நானே தாரேன்.”

செயலாளர் என்னைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. பெட்டி பிறகு வரட்டும் என்று சொல்லி, கூடத்தோடு சேர்த்துப் புது மனையில் எழும்பியிருந்த தன் கோலியிலேயே தங்கிவிட்டார்.

மறுநாள் காலை நான் செம்பூரில் முதல் வண்டியைப் பிடித்து, குர்லாவில் மாறி, சயானில் இறங்கிக் கூடத்துக்குப் போனேன். சாவியக்கா அதற்குள் பெருக்கி முடித்திருந்தார். சாமான் அறைக்கும் கூடத்தின் நடுவுக்குமாக, ஏற்றாத விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சில இடங்களில் கால் பழைய பக்கமே திரும்பியது; அப்போதெல்லாம் நின்று, சாமான் அறைக்கே திரும்பிப் போய், மறுபடி தொடங்கினார். என் முழங்கையை நீட்டினேன். “அது வேண்டாம். நீ குறுக்க உக்காரு,” என்றார். சாயங்காலம் வழியெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அல்லவா என்றார்.

வெறுந்தரையில் உட்கார்ந்தேன். அவர் நடந்து வந்தார். பாதம் என் முழங்காலில் இடித்தது, விளக்கு ஆடியது. திரும்பிப் போனார். வேறிடத்தில் உட்கார்ந்தேன். மறுபடி இடித்தது.

“கல்லு மாதிரி உக்காந்திருக்க ஏட்டி. பிள்ளைக அப்படியா இருக்கும்? இருமும், பேசும், ஒண்ண ஒண்ணு கிள்ளும். சத்தம் போடு.”

என்ன பேசுவது என்று கேட்டேன்.

“படிச்ச புள்ளைக்கிப் பேச்சுக்கா பஞ்சம்?”

வகுப்பில் பேராசிரியர் பெயர் கூப்பிட்டால் என் பதில் அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. மூன்று ஆண்டுகளாகப் படித்ததில் ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது நான் தினமும் போகும் வழியின் ஸ்டேஷன் பெயர்கள்தான். செம்பூர் என்றேன். “கேக்கல,” என்றார். யாருமில்லாத கூடத்தில் உரக்க, செம்பூர், குர்லா, சயான், மாதுங்கா, தாதர் என்று சொன்னேன். சாவியக்கா சாமான் அறையிலிருந்து புறப்பட்டார். எனக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நடை தயங்கியது, பிறகு விலகியது. சேலை என் தோளை உரசிக்கொண்டு போயிற்று. கால் படவில்லை. நடுவில் வந்து நின்று, கையை உயர்த்தி, கொக்கியைத் தேடிப்பிடித்து, விளக்கை மாட்டினார்.

“எந்திரிச்சு வேற எடத்துல உக்காரு,” என்றார், விளக்கை மறுபடி கழற்றிக்கொண்டே.

நான் எழுந்து, சாமான் அறைக்கு இன்னும் நெருக்கமான ஓரிடத்தில் கால் மடித்து உட்கார்ந்து, தாதருக்கு அடுத்த பரேலிலிருந்து தொடர்ந்தேன்.