வல்லூறைப் பழக்கிய ஆறு வாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜுல்ஃபிகர் கடைந்த துண்டு ஒன்றுகூட அளவு பிசகித் திரும்பியதில்லை. எட்டு வருட லேத் வேலையில், சொன்ன தேதிக்கு ஒரு நாள் தவறியதும் இல்லை. பூந்தமல்லி வீட்டு மாடியில் அவன் வளர்த்த கர்ணப்புறாக்களும் அப்படித்தான். ஒரு விசிலுக்கு அத்தனையும் இறங்கும். அதனால், புறா தூக்க வந்த வல்லூறு ஒன்று கூண்டு வலையில் மாட்டியபோது, இதையும் பழக்கிவிடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

பக்கத்து மாடிப் புறாக்காரன் மஸூத் சிரித்தான். "இன்னா மச்சான், உன் புறாவைத் துன்ன வந்தது உன் கையில குந்துமா?"

"ஆறு வாரம் கழிச்சு இதே ஞாயித்துக்கெழம வா. மேல வீசுறேன். திரும்பி வந்து கையில குந்தலன்னா என் புறா மொத்தமும் நீயே தூக்கினு போ."

முப்பத்திரண்டு புறாக்கள். பத்து வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

புதுப்புறா ஓடிவிடாமலிருக்க இறக்கையின் பெரிய இறகுகளைப் பிடுங்கிவிடுவார்கள். ஆறு வாரத்தில் அவை முளைப்பதற்குள் புறா வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஜுல்ஃபிகர் வல்லூறுக்கும் அதையே செய்தான். அக்கா ஜீனத் அதைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, பக்கத்துக்கு ஏழாக ஒவ்வொன்றாய் இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் அது அவள் கைக்குள் துள்ளியது.

பிறகு பட்டினி. எலும்பில்லாத கோழிக்கறியைக் கழுவி, சுண்டுவிரல் நுனியளவு நறுக்கிக் கையுறைமேல் வைத்தான். பதினோராம் நாள் தத்தி வந்து தின்றது. அதன் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியிருந்தது. பழகிவிட்டது என்று அக்காவும் தம்பியும் மகிழ்ந்தார்கள்.

ஆறாவது ஞாயிறு வந்தபோது இறகுகள் பாதிதான் வளர்ந்திருந்தன. இறகுக் குருத்துக்குள் இன்னும் ரத்தம் ஓடியது.

"இன்னும் ரெண்டு வாரம் கேளுடா" என்றாள் ஜீனத்.

"தேதி சொல்லிட்டேன்க்கா."

மஸூத் கூடைகளோடு மாடியேறி வந்தான். ஜுல்ஃபிகர் புறாவை வீசுவதுபோலவே வல்லூறை வீசினான். அது நான்கு முறை சிறகடித்தது. குருத்துகள் முறிந்தன, கைப்பிடிச் சுவரில் ரத்தம் தெறிக்கத் தெருவில் போய் விழுந்தது. அவன் படியிறங்கி ஓடுவதற்குள் காக்கைகள் ஒரு கண்ணைக் கொத்தியிருந்தன.

"பறவைங்களக் காப்பாத்துறவங்களுக்குப் போன் பண்ணுடா" என்றாள் ஜீனத்.

"வல்லூறு வெச்சிருந்தேன்னு ஃபாரஸ்ட்டுல கேஸ் போட்டா? லேத்த யாரு ஓட்டுவா?"

வல்லூறை மாடிக்குத் தூக்கி வந்தான். மஸூத் ஏற்கெனவே கூண்டைத் திறந்து புறாக்களைக் கூடைகளில் அடைத்துக்கொண்டிருந்தான். காலியாகக் கிடந்த கடைசிக் கூடையை எடுத்து, காக்கை நெருங்காமலிருக்க வல்லூறின்மேல் கவிழ்த்தான் ஜுல்ஃபிகர். உள்ளே நகம் தரையைப் பிறாண்டியது.

மஸூத் எண்ணிப் பார்த்தான்.

"மச்சான், இன்னும் ஆறு புறா மிச்சம் கீது. அந்தக் கூடையக் குடு."

ஜுல்ஃபிகர் குனிந்து கூடையை எடுத்துக் கொடுத்தான்.