ஒத்துக்கொள்ளாத வாசனை

கல்யாணமாகி டில்லிக்கு வந்த பிறகு முதலில் என் இமைகள் தடித்தன. அடுத்து கன்னமும் கழுத்தும். காலையில் கண்ணாடி பார்த்தால் யாரோ அறைந்தது போல முகம் சிவந்து வீங்கியிருக்கும். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரி ஒருநாள் குரலைத் தணித்து, "கர் மே சப் டீக் ஹை நா?" என்று, வீட்டில் எல்லாம் சரிதானே என்று கேட்டாள். என்னைக் கணவர் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். சிரித்து மழுப்பினேன்.

மருந்துக்கடைக் களிம்பு போட்டால் அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். எது எனக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க என் முதுகு முழுக்கச் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, தண்ணீர் படக்கூடாது என்றார். ஜூன் மாத வெயிலில் குளிக்காமல் கிடந்தேன். பட்டைகளைப் பிரித்து, சில நாள் கழித்து மறுபடி பார்த்தபோது ஓரிடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. சோப்பு, ஷாம்பு, துணி பவுடர் எல்லாவற்றிலும் கலக்கும் வாசனைப் பொருள்தான் எனக்கு ஆகவில்லை என்றார். இனி எப்போதும் ஆகாது என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் மாற்றினேன். ஊதுபத்தியை நிறுத்தினேன். இமைகள் சரியாயின. இடது கன்னம் மட்டும் அடங்கவில்லை. டாக்டர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்று கேட்டார். இடது பக்கம், கணவரைப் பார்த்து என்றேன். பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்கள் சென்ட் போடுவீர்களா?" என்றார்.

கணவர் முகம் சுருங்கியது. காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"காலேஜ்லேர்ந்து போடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் என்ன?"

"ஒரு மாசம் விட்டுப் பாருங்களேன்."

"வேர்வை நாத்தத்தோட மீட்டிங்ல போய் உக்காரச் சொல்றியா?"

ஆனாலும் விட்டார். என் கன்னம் தெளிந்தது. அந்த நாட்களில் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்று நினைத்தேன்.

மறுபடி தடித்தபோது அவர் சட்டைக் காலரை முகர்ந்தேன். சென்ட் பாட்டில் காருக்குப் போயிருந்தது.

"அச்சா, வீட்ல போடலையே" என்றார். கன்னத்தைக் காட்டினேன். "நாள் பூரா உழைச்சுட்டு வர்றேன். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் விடணுமா?"

"அப்ப நான்?"

டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் என் தலையணையை முன்னறை திவானுக்குக் கொண்டுபோனேன். திரும்பி வா என்று அவர் கூப்பிடுவார் என எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. அவருடைய சட்டைகள் இப்போது வெளியே சலவைக்குப் போகின்றன. என் முகத்தில் ஒரு தடிப்பும் இல்லை. பார்க்கிறவர்கள், என்ன க்ரீம் போடுகிறாய் என்று கேட்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் அவர் தங்கை வந்தாள். திவானில் மடித்து வைத்திருந்த என் போர்வையைப் பார்த்துவிட்டு, "அண்ணி ஏன் இங்க படுக்கறாங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"என் குறட்டை தாங்கலையாம்" என்று அவர் சிரித்தார்.

"நாமதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், அண்ணி" என்றாள் அவள். அண்ணனுக்கென்று பெட்டியிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே மூடியைத் திறந்து மணிக்கட்டில் அடித்துக்கொண்டார், என் எதிரிலேயே.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

"குளிருது, மூடு" என்றார்.

நான் மூடவில்லை.