கிரகப்பிரவேசத்தில் நான் பேசியது

எனக்கு பைபோலார். மருத்துவர் இதைச் சொன்னபோது என் மனைவி அழுதாள். எனக்கோ, இத்தனை வருடமும் நான் வெறும் அதிகப்பிரசங்கி இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. மனம் உச்சத்துக்கு ஏறிவிட்டால் எதையும் யோசிக்காமல் செய்துவிடுவேன். ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றவர்களையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தேன். நான்கு பேர் வந்தேவிட்டார்கள். அவர்களுக்கு என்ன வியாதி என்று யாரும் கேட்கவில்லை.

சேலையூரில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எனக்கு ஏதாவது தோன்றினால் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும். மூன்று நாள் கழித்தும் அந்த ஆசை இருந்தால் செய்யலாம். வேலையை விடுவது, மொட்டையடிப்பது, மாடியில் முயல் வளர்ப்பது எல்லாம் அந்தக் கதவிலேயே செத்துப்போயின. முயல்களுக்காக மட்டும் இன்னும் வருத்தப்படுகிறேன்.

ஒரு சீட்டு மட்டும் மாதக்கணக்கில் தொங்கியது: 'அண்ணனிடம் மன்னிப்பு.'

அண்ணன் பீர்க்கன்கரணையில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று நான் உச்சத்தில் இருந்தேன். மைக்செட்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை உறவுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அப்பா சாகக் கிடந்தப்போ எங்கண்ணா ஆஸ்பத்திரிக்கு மூணே தடவைதான் வந்தாரு. இந்த வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கப் பதினேழு தடவை கடைக்குப் போனாரு!" கேசரி பரிமாறியவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த அமர்க்களத்துக்குப் பிறகுதான் மருத்துவரிடமே போனோம். அண்ணன் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு பேஜார். துள்ளலோடு கிளம்பினால் மனைவி சீட்டைக் காட்டுவாள். மூன்று நாளில் மனம் சமநிலைக்கு வரும், தைரியமும் கூடவே இறங்கிவிடும். மாத்திரை என்னை ஒழுங்கான மனிதனாக்கியது. கையோடு கோழையாகவும் ஆக்கியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எந்தத் துள்ளலும் இல்லாமல், பயத்தோடு செருப்பை மாட்டினேன்.

"ஏங்க, மூணு நாள் ஆச்சா?" என்றாள் மனைவி.

"ஏழு மாசம் ஆச்சு" என்றேன். வழி விட்டாள்.

அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே, "மாத்திரை போட்டியா?" என்றார்.

"போட்டேண்ணா."

"அன்னிக்குப் பேசினது நீயா, உன் வியாதியா?"

வியாதி என்று சொல்லியிருந்தால் கேட் திறந்திருக்கும். சொந்தக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதிலும் அதுதான். என்னவோ, எனக்கு வாய் வரவில்லை.

"மைக்கைப் பிடுங்கினது வியாதி. பேசினது நான்தாண்ணா. அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவ அந்த ட்யூபோட பார்க்க பயமா இருந்துச்சுடா. தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருவேன். உள்ள வர முடியாம நேரா டைல்ஸ் கடைக்குப் போயிடுவேன். ஒண்ணும் வாங்க மாட்டேன். சும்மா பார்த்துகினு நிப்பேன்."

அவர் அழுதார். இந்த இரண்டு வருடமும் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு, தெளிந்த புத்தியோடு, நான் சொன்ன இடம்தான் தப்பு, சொன்ன விஷயம் சரி என்று நினைத்திருந்தேன்.